முழுக்கக் கையால் தீட்டியது

இந்தியச் சுங்க வரி அட்டவணையின் 97ஆம் அத்தியாயம் கலைப்பொருள்களுக்கானது. அதில் 9701 என்ற எண்ணின்கீழ் ஓவியம் வர வேண்டுமானால் அது முழுக்கக் கையால் தீட்டப்பட்டதாக இருக்க வேண்டும். அடுத்த எண்ணான 9702 அச்சோவியங்களுக்கு இடம் தருகிறது. ஆனால் அங்கேயும் அச்சுத்தகட்டைக் கலைஞர் தன் கையாலேயே செய்திருக்க வேண்டும். இயந்திர முறையிலோ ஒளிப்பட முறையிலோ உண்டான அச்சு சேராது. உலக நாடுகளில் பெரும்பாலானவை பின்பற்றும் பொது அட்டவணையிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட வாசகங்கள் இவை. சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் பெட்டிக்குள் கித்தானில் தீட்டிய எண்ணெய் ஓவியம் இருந்தால், ராஜாஜி சாலையில் உள்ள சுங்க மாளிகைக்கு அது கலைப்பொருள். அதே ஓவியர் கணினித் திரையில் வரைந்ததைக் காகிதத்தில் அச்சிட்டு அனுப்பினால் அது அச்சுத்தாள்.

சுங்க அதிகாரிகள் கலைக்கு இலக்கணம் வகுக்கப் போய் நீதிமன்றத்தில் தோற்ற கதை ஒன்று உண்டு. ருமேனியச் சிற்பி பிரான்குசியின் 'விண்வெளியில் பறவை' என்ற வெண்கலச் சிற்பம் 1926இல் நியூயார்க்கில் இறங்கியது. இறகும் அலகும் இல்லாத அந்தப் பறவையை அதிகாரிகள் சமையலறைச் சாமான், மருத்துவமனைச் சாமான் என்ற இனத்தில் சேர்த்து 40 விழுக்காடு வரி போட்டார்கள். ஒளிப்படக் கலைஞர் எட்வர்ட் ஸ்டைக்கன் வாங்கியிருந்த சிற்பம் அது. வழக்கு நடந்து 1928இல் சிற்பி பக்கம் தீர்ப்பானது. கலை மாறிவிட்டது, பழைய வரையறையை வைத்துக்கொண்டு புதியதை அளக்க முடியாது என்று நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள்.

டிஜிட்டல் ஓவியத்துக்கு மரபான ஓவியத்துக்கு இணையான மதிப்பைக் கொடுக்கலாமா என்ற கேள்வியும் இப்படிப்பட்டதுதான். கலைக்கூடத்தில் கேட்கும்போது அது ரசனையைப் பற்றிய கேள்வியாகத் தோன்றும். தெருவுக்கு வந்தால் வரி, கூலி, பெயர், உரிமை என்று அதன் உள்ளடக்கம் வெளிப்படும். தமிழ்நாட்டில் ஓவியருக்குரிய மரியாதை அவர் கையில் பிடித்த கருவியைப் பார்த்து ஒருநாளும் தீர்மானிக்கப்பட்டதில்லை என்பது என் எண்ணம். யாருக்காக வரைந்தார், எங்கே தொங்கியது, எத்தனை பிரதியாகப் பெருகியது என்பதைப் பார்த்தே தீர்மானிக்கப்பட்டது. கூலிக்கு வரைந்தவரும் அச்சில் பெருகியவரும் எந்தக் காலத்திலும் கீழ்ப்படியில்தான் நிறுத்தப்பட்டார்கள். டிஜிட்டல் ஓவியர் இன்று நிற்பது அந்தப் படியில். இதை விளங்கிக்கொள்ள, சென்னையில் வால்டாக்ஸ் சாலைக்கும் தங்கசாலைத் தெருவுக்கும் இடையிலுள்ள யானைக்கவுனியைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

தமிழின் முதல் பேசும் படம் எனப்படும் 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று வெளியானது. சென்ட்ரல் ரயில் நிலையத்தில் வந்திறங்கிய படப்பெட்டியின் பின்னால் வால்டாக்ஸ் சாலை நெடுகக் கூட்டம் ஊர்வலமாக நடந்ததாகத் திரை வரலாற்றாளர்கள் எழுதியிருக்கிறார்கள். பூத்தூவி, தேங்காய் உடைத்து, ஊதுபத்தி ஏற்றி அந்தப் பெட்டியைத் தங்கசாலைத் தெருவில் இருந்த கினிமா சென்ட்ரல் கொட்டகைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பின்னாளில் முருகன் டாக்கீஸ் ஆனது அந்தக் கொட்டகை. தகரப்பெட்டிக்குள் இருந்ததோ இயந்திரம் பதிவு செய்து, இயந்திரம் படி எடுத்த படச்சுருள். கோயில் உற்சவருக்குச் செய்கிற மரியாதையை அதற்குச் செய்ய இந்தத் தெருக்களுக்குத் தயக்கம் இருக்கவில்லை. பிரதி எடுக்கப்பட்ட கலையில் மூலத்துக்குரிய ஒளி மங்கிப்போகிறது என்று ஜெர்மானியச் சிந்தனையாளர் வால்ட்டர் பெஞ்சமின் நான்கைந்து ஆண்டுகள் கழித்து எழுதினார். வால்டாக்ஸ் சாலையில் நடந்தவர்களிடம் அந்த வாதம் எடுபட்டிருக்காது.

அதே வால்டாக்ஸ் சாலையில்தான் ஒற்றைவாடை நாடகக் கொட்டகையும் இருந்தது. அந்தக் கால நாடகக் கம்பெனிகளின் சொத்துகளில் முக்கியமானவை திரைச்சீலைகள். அரண்மனை, காடு, வீதி, நந்தவனம் என்று காட்சிக்குக் காட்சி உருட்டி இறக்கும் சீலைகளை வரைய ஓவியர்கள் வேண்டியிருந்தார்கள். தமிழ்நாட்டு வீடுகளின் பூஜையறைகளுக்கு முகம் கொடுத்த கொண்டையராஜு (1898–1976) இந்த வழியில் வந்தவர். சென்னைக் கலைப்பள்ளியில் படித்து, சில காலம் ரமணாசிரமத்தில் இருந்து, நாடகக் குழுவுக்குச் சீலை வரைந்து, கடைசியில் கோவில்பட்டியில் நிலைத்தவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த கஜலட்சுமியும் முருகனும் மீனாட்சியும் சிவகாசி அச்சகங்களில் நாள்காட்டிகளாகி ஊர் ஊராகப் போயின. அதற்கு முன்பே, 1894இல், ராஜா ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கித் தன் எண்ணெய் ஓவியங்களை வண்ண அச்சில் வீடுகளுக்கு அனுப்பியிருந்தார். ரவிவர்மாவின் கித்தான்களை அருங்காட்சியகங்கள் காத்து வைக்கின்றன. கொண்டையராஜுவைக் கலை வரலாற்று நூல்கள் நெடுங்காலம் 'காலண்டர் படம்' என்று சொல்லித் தாண்டிப் போயின.

பத்திரிகை ஓவியர்களுக்கும் இதே கதிதான். 1950இல் 'கல்கி'யில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியபோது அதற்கு மணியம் வரைந்த வந்தியத்தேவனும் குந்தவையும் இன்றுவரை தமிழர்களின் சோழர் காலக் கற்பனையை ஆள்கிறார்கள். அந்தப் படங்களின் மூலத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? பிளாக் எடுத்து, சாதாரணத் தாளில் மை ஒட்டி வந்த படத்தைத்தான் லட்சக்கணக்கானவர்கள் நேசித்தார்கள். தமிழர்கள் மிகவும் விரும்பிய ஓவியங்களில் பலவும் நமக்குப் பிரதியாக மட்டுமே தெரியும். மூலம் ஒன்றே ஒன்றாக இருந்தால்தான் அது ஓவியம் என்கிற அளவுகோலை எடுத்தால், நம் காட்சி நினைவின் பெரும்பகுதியைக் கழித்துவிட வேண்டியிருக்கும்.

சினிமா பேனர் ஓவியர்களின் கதை இவை எல்லாவற்றையும்விட வலி மிகுந்தது. 1957இல் 'வணங்காமுடி' படத்துக்காகச் சித்ரா திரையரங்கில் சிவாஜி கணேசனுக்கு மோகன் ஆர்ட்ஸ் என்ற பேனர் கம்பெனி எழுப்பிய 80 அடிக் கட் அவுட்டைச் சென்னையின் மூத்த தலைமுறை இன்றும் சொல்லும். அடுத்த நாற்பதாண்டுகளுக்கு அண்ணா சாலையிலிருந்து தங்கசாலை வரை சென்னையின் முகத்தை வரைந்தவர்கள் இந்த 'ஆர்ட்ஸ்' கம்பெனிக்காரர்கள்தான்.

அவர்கள் வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். மரச்சட்டத்தில் காடாத் துணியை இழுத்து ஆணி அடித்து, பசையும் வெள்ளையும் பூசிக் காயவிடுவார்கள். ஒரு சாண் அளவுள்ள ஸ்டில் போட்டோவின்மேல் பென்சிலால் கட்டம் போடுவார்கள். துணியில் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டம். போட்டோவின் ஒரு கட்டத்துக்குள் இருக்கும் புருவத்தின் வளைவு துணியில் ஆள் உயரக் கோடாக மாறும். பின்னணியைப் பையன்கள் நிரப்புவார்கள், உடையை ஓரளவு தேர்ந்தவர் வரைவார், எழுத்துக்குத் தனி ஆள், முகத்துக்கு மாஸ்டர். மாஸ்டர் முகத்தைத் தோல் நிறத்தில் வரைந்ததே இல்லை. கன்னத்தின் வெளிச்சப் பக்கம் ரோஸ், மூக்குத்தண்டில் ஒரே இழுப்பில் மஞ்சள் கலந்த வெள்ளை, தாடையின் நிழலில் பச்சையும் நீலமும். பக்கத்தில் நின்றால் வண்ணத் திட்டுகள் சண்டை போடும். எதிர்ப்புறம் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவருக்கு அந்தத் திட்டுகள் கூடி ரத்தமும் சதையுமான முகமாகும். எவ்வளவு தூரத்திலிருந்து, எந்த வெயிலில், எத்தனை நொடி பார்ப்பார்கள் என்ற கணக்கைக் கைக்குள் வைத்திருந்த கலை அது. ஐரோப்பிய உணர்வுப்பதிவு ஓவியர்களைப் பற்றி நாம் வகுப்பெடுத்துப் பாராட்டும் வண்ண அறிவு, இங்கே சதுர அடிக் கூலிக்குச் சாரத்தில் ஏறி நின்றது.

அதற்குக் கிடைத்த மரியாதை என்ன? பேனரின் கீழ்மூலையில் கம்பெனியின் பெயர் இருக்கும், முகம் வரைந்தவரின் பெயர் இருக்காது. படம் தியேட்டரை விட்டு எடுக்கப்பட்டதும் துணியை இறக்கி, மேலே வெள்ளை அடித்து, அடுத்த படத்தை வரைவார்கள். அதனால் அந்த ஓவியங்கள் அநேகமாக மிஞ்சவில்லை. பிரேமிந்தா ஜேக்கப் 2009இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆய்வு நூல் போன்ற சில முயற்சிகள் இல்லாவிட்டால் அந்த உலகத்தைப் பற்றி எழுத்தில் இருப்பது சொற்பம். கோவையில் பேனர் ஓவியராக இருந்த ஜீவா எழுதிய 'திரைச்சீலை' என்ற சினிமா நூல் தேசியத் திரைப்பட விருதுகளில் சிறப்பிக்கப்பட்டது. அந்தத் தொழிலுக்குள் எப்பேர்ப்பட்ட ரசிகர்களும் அறிவாளிகளும் இருந்தார்கள் என்பதற்கு அதுவே சான்று. எம்.எஃப். உசேன் 1930களில் பம்பாயில் சினிமா விளம்பரப் பலகை வரைந்து வயிறு கழுவியவர். அவர் கித்தானுக்கு மாறிய பிறகுதான் கலையுலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. தெருவில் வரைந்தபோதும் கூடத்தில் வரைந்தபோதும் அவரிடம் இருந்தது தூரிகைதான்.

கையால் தீட்டியதுதான் மதிப்புக்குரியது என்ற வாதத்தை இந்த இடத்தில் சோதித்துப் பார்க்கலாம். 9701இன் வாசகப்படி பேனர் முழுக்கக் கையால் தீட்டியது. ஆனாலும் அதை அநேகமாக எந்த அருங்காட்சியகமும் பொருட்படுத்தி வாங்கிச் சேர்க்கவில்லை. கைதான் அளவுகோல் என்பது உண்மையாக இருந்திருந்தால் எழும்பூர் அருங்காட்சியகத்தில் பேனர்களுக்கென்று ஒரு கூடம் இருந்திருக்கும்.

2000களின் தொடக்கத்தில் பிளக்ஸ் வந்தது. பாலியஸ்டர் துணியில் பிவிசி பூசிய சுருள், அதன்மேல் மை பீய்ச்சும் அகலமான அச்சு இயந்திரம். பல நாள் வேலை சில மணி நேரமாகச் சுருங்கியது. விலையும் விழுந்தது. மழையில் கரையாது, வெயிலில் சில மாதம் தாங்கும். சில ஆண்டுகளுக்குள் பேனர் கூடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வரைந்த கைகளில் சில சுவர் விளம்பரத்துக்கும் கோயில் வண்ணப்பூச்சுக்கும் சினிமா செட்டுக்கும் போயின, பல கைகள் வேறு பிழைப்பைத் தேடின. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டியிருந்த பிளக்ஸ் சரிந்து, ஸ்கூட்டரில் போன 23 வயது மென்பொருள் பொறியாளர் லாரியில் சிக்கி இறந்த பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் கடுமை காட்டியது. பிளக்ஸ்மீது பொதுமக்களுக்கு ஏற்கெனவே இருந்த கசப்பு இன்னும் கூடியது.

இந்தக் கசப்பு தவறான முகவரிக்குப் போய்ச் சேர்ந்ததுதான் என் குறை. 'டிஜிட்டல் வந்து ஓவியத்தைக் கொன்றுவிட்டது' என்று நல்ல ரசிகர்கள்கூடச் சொல்கிறார்கள். பிளக்ஸ் பேனரை உற்றுப் பாருங்கள். அதில் வரைந்த கோடு ஒன்றுகூட இருப்பதில்லை. இருப்பது பெரிதாக்கிய ஒளிப்படமும் எழுத்தும். மாஸ்டரின் நாற்காலியில் உட்கார்ந்தது கேமரா, உட்கார வைத்தது அச்சு இயந்திரம். ஸ்டைலஸ் பேனாவால் திரையில் வரைகிற ஓவியருக்கு அதில் பங்கு இல்லை. அவர் வெறும் வெள்ளைத் திரையில் முதல் கோட்டைப் போடுகிறார், நிழல் எங்கே விழும் என்று முடிவு செய்கிறார், தாடையில் பச்சை வேண்டுமா நீலம் வேண்டுமா என்று மாஸ்டரைப் போலவே யோசிக்கிறார். தொழில்முறையில் அவர் பேனர் ஓவியரின் வாரிசு. டிஜிட்டல் அச்சையும் டிஜிட்டல் ஓவியத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால், வாரிசையே கொலைகாரனாக்கி வைத்திருக்கிறோம்.

பிளக்ஸ் கடையில் வேலை செய்யும் டிசைனரையும் இத்தனை எளிதாக ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. தங்கசாலையின் கிளைச் சந்துகளில், ஆண்டர்சன் தெருவின் கல்யாணப் பத்திரிகைக் கடைகளுக்கு மேல்மாடியில், இந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் வந்த மங்கலான போட்டோவிலிருந்து ஒரு குழந்தையின் சுருட்டை முடியைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்கிறார். ஒவ்வொரு சுருளையும் சுற்றிப் புள்ளி புள்ளியாக வெட்டுக்கோடு போகிறது. வாடிக்கையாளர் தோளுக்குப் பின்னால் நின்று, "அண்ணே, பாப்பா மூஞ்சி இன்னும் கொஞ்சம் பளிச்சுன்னு வேணும், தாத்தா படத்த மேல ஏத்திடுங்க" என்கிறார். டிசைனர் முகத்தை வெளுக்காமல் சுற்றியுள்ள வண்ணத்தை ஒரு படி இருட்டாக்குகிறார். முகம் தானாக எடுப்பாகத் தெரிகிறது, வாடிக்கையாளருக்குத் திருப்தி. வெளிச்சத்தை அதன் அருகிலுள்ள இருட்டால் காட்டுவது எந்தக் கலைக்கல்லூரியிலும் முதல் ஆண்டுப் பாடம். அந்த டிசைனர் அதைக் கல்லூரியில் படித்தவரா, கடையில் கற்றவரா என்று நான் கேட்கவில்லை. காதணி விழா பேனரை மகத்தான கலை என்று நான் வாதிடப் போவதில்லை. அதற்குள் ஒரு கண் வேலை செய்கிறது, அந்தக் கண்ணுக்குச் சாயங்காலம் எரிச்சல் வருகிறது, அந்தக் கண்ணின் உடையவருக்குப் பெயர் கிடையாது என்பதை மட்டும் சொல்கிறேன்.

டிஜிட்டல் ஓவியத்துக்கு எதிராக வழக்கமாகச் சொல்லப்படும் தடைகளில் ஒன்று: தப்பாகப் போட்ட கோட்டை ஒரு பொத்தானால் அழித்துவிடலாம், ஆகவே அதில் துணிச்சல் இல்லை. நீர்வண்ண ஓவியரின் வாயிலிருந்து இது வந்தால் ஒப்புக்கொள்ளலாம். எண்ணெய் ஓவியத்துக்குப் பொருந்தாது. ஐரோப்பிய மேதைகளின் கித்தான்களை அகச்சிவப்புக் கதிரில் பார்த்தால் வண்ணத்துக்கு அடியில் இடம் மாறிய கைகளும் திருத்திய தலைகளும் தெரிகின்றன. திருத்த முடிவதால் ஓவியம் எளிதாகிவிடுவதில்லை. எப்போது நிறுத்துவது என்ற தீர்மானம் கடினமாகிறது. சோம்பேறித்தனத்துக்கு வழி இருக்கிறது என்பது உண்மை. ஆயத்தத் தூரிகைகளையும் ஆயத்த இழையமைப்புகளையும் ஒட்டி ஒப்பேற்றிய படங்கள் இணையத்தில் குவிந்து கிடக்கின்றன. கித்தானிலும் ஒப்பேற்றல் குவிந்துதான் கிடக்கிறது. கிடங்குகளில் இருப்பதால் கண்ணில் படுவதில்லை.

கணினியில் கலை நேற்று முளைத்ததும் இல்லை. பாரிஸில் வேரா மோல்னார் (1924–2023) 1968இலேயே கணினியைக் கொண்டு கோட்டோவியங்கள் செய்தார். டேவிட் ஹாக்னி ஐபேடில் வரைந்த 51 படங்கள் 2012இல் லண்டன் ராயல் அகாடமியின் சுவர்களை நிறைத்தன. தமிழ்நாட்டில் ஓவியர் டிராட்ஸ்கி மருதுவைச் சொல்ல வேண்டும். மதுரையில் பிறந்து, சென்னைக் கலைக் கல்லூரியில் படித்து, தமிழ்ச் சிற்றிதழ்களிலும் பெரும் பத்திரிகைகளிலும் தன் மைக்கோட்டால் அறியப்பட்ட அவர், கணினியைத் தமிழ் ஓவியத்துக்குள் முதலில் கொண்டுவந்தவர்களில் ஒருவர். அவருடைய மைக்கோட்டின் வேகமும் முறுக்கும் திரையில் வரையும்போது எங்கும் தொலைந்துவிடவில்லை. கோடு கையிலிருந்து வருகிறது, கை பல ஆண்டு வரைந்து பழகிய உடம்பிலிருந்து வருகிறது.

ஆனால் ஒரு தடைக்கு நான் மரியாதை தருகிறேன். அது பொருண்மை பற்றியது. கே.சி.எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியம் ஒன்றின் முன்னால் நின்றால், எழுத்துபோலத் தோன்றும் கிறுக்கல்களுக்கு அடியில் வண்ணத்தின் தடிமனும் துணியின் இழையும் தெரியும். பக்கவாட்டில் நகர்ந்தால் வெளிச்சம் மாறும். அந்தப் பொருள் நம்மைப் போலவே இடத்தை அடைத்துக்கொண்டு, நம்மைப் போலவே மூப்படைகிறது. திரையோவியத்துக்கு இது கிடையாது. அதற்கு வேறொன்று உண்டு: அது ஒளியிலேயே பிறக்கிறது. ஹாக்னி படுக்கையில் இருந்தபடி இருட்டில் விடியலை வரைய முடிந்தது திரைக்குச் சொந்த வெளிச்சம் இருந்ததால்தான். அதைக் காகிதத்தில் அச்சிட்டுச் சட்டம் போட்டு எண்ணெய் ஓவியத்தின் பக்கத்தில் மாட்டும்போது, பாதி உயிரை எடுத்துவிட்டு ஒப்பிடுகிறோம். இரண்டும் ஒரே அனுபவத்தைத் தருவதாக நான் சொல்லவில்லை. இரண்டையும் ஒரே அளவு கவனத்தோடு பார்க்க வேண்டும் என்கிறேன். அந்தக் கவனத்துக்குப் பிறகு ஒரு படம் மட்டமானது என்று தோன்றினால் மட்டமானது என்று சொல்லவும் வேண்டும். அதுவும் மரியாதைதான்.

பணமும் மரியாதையும் ஒன்றில்லை என்பதற்கு 2021ஐ நினைவூட்டலாம். அந்த ஆண்டு மார்ச் 11 அன்று கிறிஸ்டீஸ் ஏலக் கூடத்தில் பீப்பிள் என்ற புனைபெயருடைய அமெரிக்க ஓவியர் மைக் விங்கல்மனின் டிஜிட்டல் படைப்பு சுமார் 6.93 கோடி டாலருக்கு விலைபோனது. 2007 மே முதல் நாள் தவறாமல் வரைந்த 5,000 படங்களை ஒன்றாக அடுக்கிய கோப்பு அது. வாங்கியவர் தமிழர்: மெட்டாகோவன் என்ற பெயரில் ஏலம் கேட்ட விக்னேஷ் சுந்தரேசன். இந்தியர்களும் வெள்ளையர் அல்லாதவர்களும் கலைப் புரவலர்களாக முடியும் என்று காட்டுவது தங்கள் நோக்கம் என்று அவர் தரப்பு அப்போது சொன்னது. அந்தப் பெருமிதம் எனக்கும் புரிகிறது. ஆனால் அந்த ஏலத்தைச் சுற்றி நடந்த பேச்சில் பெரும்பகுதி விலையைப் பற்றியது, டிஜிட்டல் கோப்பு யாருடையது என்று பதிவு செய்யும் டோக்கன்களைப் பற்றியது. அந்த 5,000 படங்களில் எது நல்ல படம் என்று விவாதித்தவர்கள் குறைவு. அடுத்த ஆண்டே டோக்கன் சந்தை சரிந்தது. பணம் டிஜிட்டல் ஓவியத்தைத் தூக்கி மேடையில் வைத்தது, பார்க்கச் சொல்லித் தரவில்லை. மெட்டாகோவனின் ஊர்க்காரர்களான டிசைனர்கள் தங்கசாலையில் அதே வாரம் சதுர அடிக் கணக்கில் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது செயற்கை நுண்ணறிவு. 2025 மார்ச்சில் ஜப்பானின் கிப்லி ஸ்டுடியோ பாணியில் தங்கள் குடும்பப் படங்களை மாற்றி எல்லோரும் பகிர்ந்தபோது, 'கணினியில் வரைவது என்றால் இதுதானே' என்ற எண்ணம் பலர் மனதில் பதிந்தது. டிஜிட்டல் ஓவியருக்கு இது இரண்டாவது அடி. நான்கு வரி தட்டச்சு செய்து படத்தை வரவழைப்பதும், ஓர் இரவு முழுக்க முகத்தின் நிழலோடு மல்லுக்கட்டுவதும் ஒன்றில்லை. முன்னதில் மனிதர் ஆர்டர் கொடுக்கிற வாடிக்கையாளரின் இடத்தில் இருக்கிறார்; தோளுக்குப் பின்னால் நின்று 'இன்னும் பளிச்சென்று' என்று சொன்னவரின் இடம் அது. அந்த இயந்திரங்கள் பழகியதே லட்சக்கணக்கான ஓவியர்களின் படங்களைப் பார்த்து. அனுமதி கேட்டுப் பழகவில்லை என்ற வழக்குகள் பல நாடுகளில் நடக்கின்றன. நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் சேர்த்த ஒரு பிரிவு, கணினி உருவாக்கிய படைப்புக்கு, அதை உருவாக்கச் செய்தவரே ஆசிரியர் என்கிறது. இன்றைய நிலைமையை மனதில் வைத்து எழுதிய வாசகமில்லை அது. கையால் வரையும் டிஜிட்டல் ஓவியருக்கும் ஆணை தட்டுபவருக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அந்தப் பிரிவில் யாராவது எழுதிச் சேர்க்க வேண்டும்.

அதே சட்டத்தில் நல்லதும் இருக்கிறது. ஓவியம், கோட்டோவியம், ஒளிப்படம் முதலியவற்றைக் கலைப்படைப்பு என்று வரையறுக்கும்போது, கலைத்தரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்று 2(c) பிரிவு தெளிவாகச் சொல்கிறது. கையால் தீட்டியதா என்று கேட்கவில்லை. சுங்கச் சட்டத்தைவிடப் பதிப்புரிமைச் சட்டம் பெருந்தன்மையானது. ஆனால் 17ஆம் பிரிவு, பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்தின் முதல் உரிமையாளர், மாற்று ஒப்பந்தம் இல்லாதபோது, பணம் கொடுத்தவரே என்கிறது. பேனர் மாஸ்டருக்கு அவர் வரைந்த முகத்தின்மேல் உரிமை எதுவும் இல்லாமல் போனது இப்படித்தான். சினிமாக் கம்பெனிக்காகக் காட்சிக் கற்பனைகளைத் திரையில் வரைந்து தரும் இன்றைய இளைஞருக்கும் இதே நிலைதான். படம் பெரிய வெற்றி பெற்று, அவர் கற்பனை செய்த கோட்டையைக் கோடிப் பேர் பார்த்தாலும், ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தால் ஒழிய அவருக்கு உரிமை கிடையாது. 53A பிரிவு ஓவியம் மறுவிற்பனையாகும்போது விலையில் ஒரு பங்கை, அதிகபட்சம் 10 விழுக்காடு வரை, ஓவியருக்கோ வாரிசுக்கோ தரச் சொல்கிறது. விலை 10,000 ரூபாயைத் தாண்டியிருக்க வேண்டும். பங்கு உண்டு என்று சொல்லப்படுவது ஓவியம், சிற்பம், கோட்டோவியம் ஆகியவற்றின் மூலப் பிரதிக்கு. மூலம், பிரதி என்ற பிரிவே இல்லாத கோப்புக்கு இது எப்படிப் பொருந்தும் என்று சட்டம் சொல்லவில்லை. அச்சோவியக்காரர்கள் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். தகட்டிலிருந்து இத்தனை பிரதிதான் என்று எண் போட்டு, ஒவ்வொன்றிலும் கையொப்பமிட்டு விற்கிறார்கள்; சென்னையின் ஆர்.எம். பழனியப்பன் போன்றவர்களின் அச்சோவியங்கள் அவ்வாறே உலகின் சேகரிப்புகளுக்குப் போயிருக்கின்றன. டிஜிட்டல் ஓவியத்துக்கும் எண்ணிட்ட, கையொப்பமிட்ட பிரதி என்ற நடைமுறையைச் சட்டம் ஏற்றுக்கொள்வதில் பெரிய சிரமம் இருக்காது.

சட்டத்துக்கு அடுத்தது கல்வி. 1850இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் தன் கலைப்பள்ளியைத் தொடங்கிய பிராட்வே, யானைக்கவுனியிலிருந்து நடந்து போகிற தூரம்தான். அரசு அதை ஏற்றபோது தொழிற்கலைப் பள்ளியாகத்தான் நடத்தியது. பின்னாளில் ராய் சௌத்ரி, பணிக்கர் முதல்வர்களாக இருந்த காலத்தில் அது நுண்கலைக் கல்லூரியாகப் புகழ்பெற்றது. அந்த மாற்றத்தில் கூலிக்கு வரைகிற கலையும் கூடத்தில் தொங்குகிற கலையும் பிரிந்தன என்று நினைக்கிறேன். இரண்டு பக்கமும் மாணவர்களை அனுப்பிய கல்லூரி அது, இப்போதும் அனுப்புகிறது. ஸ்டைலஸ் பிடிக்கும் மாணவருக்கும் தூரிகை பிடிக்கும் மாணவருக்கும் ஒரே கோட்டோவியத் தேர்வை வைத்து ஒரே அளவுகோலால் மதிப்பெண் போட அந்த வளாகத்தால் முடியும்.

அதைவிட அவசரமானது காப்பது. ஆண்டி வார்ஹோல் 1985இல் அமிகா கணினியில் வரைந்த படங்கள் நெகிழ்வட்டுகளில் அடைந்து கிடந்து, 2014இல் பிட்ஸ்பர்க்கில் கணினி மாணவர்களும் வல்லுநர்களும் முயன்ற பிறகே வெளியே வந்தன. உலகப் புகழ்பெற்றவரின் படங்களுக்கே முப்பது ஆண்டு ஆனது. தமிழ்நாட்டில் 1990களிலிருந்து கணினியில் வரைந்த பத்திரிகை ஓவியர்களின் கோப்புகள் எங்கே இருக்கின்றன? பழைய மென்பொருளின் வடிவத்தில், பழுதான வன்தட்டுகளில், வீட்டுப் பரண்களில். பிளக்ஸ் கடைகளில் இடம் போதவில்லையென்று மாதத்துக்கொரு முறை கோப்புகளை அழிக்கிறார்கள். எழும்பூர் அருங்காட்சியகமோ கலை பண்பாட்டுத் துறையோ ஒரு காப்பகம் தொடங்கலாம்: ஓவியர்களிடமிருந்து கோப்புகளை அடுக்குகள் கலையாமல் வாங்குவது, யார் வரைந்தது, எந்த ஆண்டு, எந்தக் கருவியில், எவ்வளவு கூலிக்கு என்று பதிவது, புதிய வடிவங்களுக்கு அவ்வப்போது மாற்றி வைப்பது. உயிரோடு இருக்கும் பேனர் மாஸ்டர்களைக் கூப்பிட்டுப் பத்துக்கு இருபது அடியில் ஆளுக்கொரு முகம் வரையச் சொல்லி, உரிய விலை கொடுத்து வாங்கி, கீழே அவரவர் பெயரை எழுதச் சொல்லி, அந்தக் கோப்புகளோடு அதே கட்டடத்தில் வைக்கலாம். அவர்களில் பலருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. ஆகவே இந்த வேலையை அடுத்த நிதிநிலை அறிக்கை வரை தள்ளிப்போடக் கூடாது.